த்யூவா, வூவா? கடல் தாண்டி மரியாதை கற்ற கதை

பிரெஞ்ச் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. எல்லாருக்கும் ஒரே 'யூ'வை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் இங்கிலீஷ்காரன்தான் இந்த இடத்தில் முழிப்பான். நமக்கு நீயும் நீங்களும் பேச்சு வந்த நாளிலிருந்தே கூட வருகிறவை. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நடுவில் இன்னொரு படியும் உண்டு. பனவடலிசத்திரத்தில் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பெரியவர்கள் "என்னவே, நீரு வரலியா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் தெரியும். நீ இல்லை, நீங்களும் இல்லை, நீர். கூட்டாளி என்கிற உரிமையும் அதில் இருக்கிறது, அளவான மரியாதையும் இருக்கிறது. பிரெஞ்சில் இந்த நடுப்படி கிடையாது.

அப்படியென்றால் தமிழனுக்கு இரண்டு படி பிரெஞ்ச் சுலபம்தானே என்று கேட்கலாம். சுலபம் இல்லை. சொல் பொருந்துகிறது, எல்லைக்கோடு பொருந்துவதில்லை. தமிழ் வீட்டில் அம்மாவுக்கு நீ, அப்பாவுக்கு பெரும்பாலும் நீங்க. இன்றைய பிரெஞ்ச் வீட்டில் இரண்டு பேருக்கும் த்யூதான், தாத்தா பாட்டிக்கும் அதேதான். டீக்கடையில் டீ கொண்டு வரும் இளைஞனை இங்கே "தம்பி, ஒரு டீ கொண்டா" என்று கூசாமல் ஒருமையில் சொல்லலாம். பாரீஸில் வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் பரிமாறுகிறவர் வூதான். சாமி விஷயம் இன்னும் வேடிக்கை. பிரெஞ்ச் கத்தோலிக்கர்கள் 1966 வரை 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தில் கடவுளை வூ என்றுதான் அழைத்தார்கள். அந்த வருஷம் வந்த புது மொழிபெயர்ப்பு அதை த்யூ ஆக்கியது. புராட்டஸ்டண்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே த்யூவுக்குப் போய்விட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களோ 'உமது' என்று நம் நெல்லைப் பெரியவர்களின் நடுப்படியிலேயே நிற்கிறார்கள்!

எல்லைக்கோடு நகரவும் செய்யும். பிரெஞ்ச் புரட்சி உச்சத்தில் இருந்த 1793ல், 'வூ' என்பதே பிரபுத்துவத்தின் மிச்சம், குடிமக்கள் எல்லாரும் சமம், ஆகவே எல்லாரும் எல்லாரையும் த்யூ என்றே அழைக்க வேண்டும் என்று ஒரு இயக்கமே நடந்தது. அரசு அலுவலகங்களிலும் அது கொஞ்ச காலம் ஓடியது. புரட்சியின் வேகம் தணிந்ததும் வூ திரும்ப வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆக, யாரை எப்போது எப்படி அழைப்பது என்பது புத்தகத்தில் முழுதாக அடங்குவதில்லை. "அந்த ஊரிலேயே போய் இருந்தால்தான் வரும்" என்பார்கள். இது உண்மையா? உண்மை என்றால் யாருக்கு உண்மை? இதற்கு விடை தேட பாரீஸுக்குப் போவதற்கு முன் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஏனென்றால் தமிழர்களில் இந்தப் பரீட்சையை முதலில் எழுதியவர்களில் ஒருவர் அங்கிருந்து கப்பல் ஏறியவர். அவர் போனது படிப்பதற்காக அல்ல. செத்துப்போன அப்பாவின் மானத்தை மீட்பதற்காக.

புதுச்சேரியில் பிரெஞ்ச் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. துணி நெய்கிறவர்கள், வியாபாரிகள், உள்நாட்டு அதிகாரிகள் என்று யாரோடு கம்பெனி பேச வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு பிரெஞ்ச் தெரியாது என்பது இன்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். தேவைப்படவில்லை. அன்றைக்குக் கடற்கரைப் பட்டணங்களின் பொதுமொழி போர்த்துகீசு. கவர்னரும் தரகரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள்.

அது போதாமல் போன நாள் 1716ல் வந்தது. கவர்னர் ஏபேர், யேசு சபைக் குருமார்களின் நெருக்குதலும் சேர, நயினியப்பரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. விசாரணை பிரெஞ்சில். மொழிபெயர்த்தவர் யேசு சபை உபதேசியாரின் மகன் மானுவேல். அதாவது எதிர்த்தரப்பின் வீட்டுப் பிள்ளை. தீர்ப்பு: கடைத்தெருவில் வைத்து 50 சாட்டையடி, மூன்று வருஷம் சிறை, சொத்து பறிமுதல். 1717ல் சிறையிலேயே அவர் இறந்து போனார். தன்னைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களைத் தானே படித்துப் பார்க்க முடியாத மனிதர்.

அவருடைய மூத்த மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குப் போனார். குடும்பம் ராஜ சபைக்கு முறையீடுகள் அனுப்பியது. யேசு சபைக்கு ஆகாத பாரீஸ் மிஷன் குருமார்களும், சென்மாலோ துறைமுக வியாபாரிகளும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தீர்ப்பு ரத்தானது. சொத்து விஷயத்திலும் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது. குருவப்பர் பாரீஸில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தையாக நின்றவர் சாதாரண ஆள் இல்லை. சிறுவனான 15ஆம் லூயிக்காக நாட்டை ஆண்டுகொண்டிருந்த ரீஜெண்ட், ஓர்லியான் கோமகன் பிலிப். போதாததற்கு செயின்ட் மிஷேல் விருதும் கிடைத்து, புதுச்சேரித் தரகர் மகன் 'ஷெவாலியே' ஆனார். 1469ல் 11ஆம் லூயி ஏற்படுத்திய வீரப்பட்டம் அது. 1722ல் ஊர் திரும்பி அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார்.

இதில் மொழிக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் மொழிதான். 18ஆம் நூற்றாண்டு பாரீஸில் ஒரு கோமகன் முன்னால் எங்கே நிற்பது, எப்போது குனிவது, 'முசே' என்று நிறுத்துவதா 'மோன்செஞ்ஞோர்' என்று நீட்டுவதா, தனக்கு வேண்டியதை எத்தனை சுற்று சுற்றிக் கேட்பது என்பதெல்லாம் தெரியாமல் காரியம் நடக்காது. நியாயம் பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்த அரண்மனையில் கதவு திறக்காது. அப்பா போர்த்துகீசில் வியாபாரம் பேசினார். மகன் அரச சபையின் பாஷைக்குள் புகுந்து வெளியே வந்தார். கூட ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே அவரை நிற்க வைத்த இடமே பெரிய இடம். ரீஜெண்டின் ஞானப்பிள்ளையை யாரும் வாடா போடா என்று பேசியிருக்க மாட்டார்கள். விலையும் கொடுத்தார். அப்பா எந்த மதத்தை விடாமல் இருந்தாரோ அதை மகன் விட்டார். பட்டத்தை வெகுகாலம் அனுபவிக்கவும் இல்லை. 1724ல் இறந்துவிட்டார்.

இதே குடும்பத்தில் இன்னொருவர் இருந்தார். நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன், குருவப்பருக்கு மச்சான் முறை. பெரம்பூரில் 1709ல் பிறந்து புதுச்சேரிக்கு வந்த ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். பாரீஸ் பக்கமே போகாதவர். ஆனாலும் 1747ல் துய்ப்ளேக்ஸின் தலைமை துபாஷியானார். 1736ல் தொடங்கி 1761ல் சாகும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், மரியாதை என்கிற விஷயத்தில் இவ்வளவு கூர்மையான கண் உலகத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று தோன்றும். யார் வந்தபோது எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரை வாசல் வரை வந்து வரவேற்றார்கள், யாருக்கு நாற்காலி, யாருக்கு எத்தனை கஜம் சகலாத்து... எல்லாம் கணக்கு. கவர்னர் என்ன சொன்னார் என்பதோடு எந்த முகத்தோடு சொன்னார் என்பதும் பதிவாகிறது.

மச்சான் பாரீஸில் சில வருஷங்களில் கற்றதை இவர் கவர்னர் மாளிகை வராந்தாவிலேயே பல வருஷங்களில் கற்றார். (காத்திருக்கும் நேரத்தில் கற்றது நிறைய என்று நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்.) இவர் விஷயத்திலும் காரணம் ஒன்றுதான். பிரெஞ்ச்காரர்கள் இவரோடு தினமும் பேச வேண்டியிருந்தது, இவரை ஒரு ஆளாக மதிக்க வேண்டியும் இருந்தது. கப்பல் ஏறியதும் ஏறாததும் அப்புறம்தான்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் காலனி கெட்டிப்பட்ட பிறகு, பிரெஞ்ச் காலனிகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. உள்ளூர்க்காரன் எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் வெள்ளைக்காரன் அவனைத் த்யூ என்பான். பதிலுக்கு அவன் வூ என்றே சொல்ல வேண்டும். அமெரிக்க அறிஞர்கள் பிரவுனும் கில்மனும் 1960ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஆராய்ச்சித் துறையில் ரொம்பப் பிரபலம். அவர்கள் சொன்னது இதுதான்: ஒருமை போய் பன்மை திரும்பி வந்தால் அங்கே அதிகாரம் இருக்கிறது, ஒருமைக்கு ஒருமையே திரும்பி வந்தால் தோழமை இருக்கிறது. பண்ணையாரும் கூலியாளும் பேசிக்கொண்டதைக் கேட்ட எந்த ஊர்க்காரனுக்கும் இதைப் புரிய வைக்க அமெரிக்கா தேவையில்லை. ஆனாலும் அழகாகச் சொன்னார்கள்.

இந்தக் காலனி மரியாதை எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு 1873ல் நடந்த செருப்பு வழக்கு நல்ல உதாரணம். பொன்னுத்தம்பிப் பிள்ளை புதுச்சேரியில் வக்கீல். காலில் மேல்நாட்டு ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார். இந்தியன் இந்திய வழக்கப்படி காலணியைக் கழற்றிவிட்டு வருவதுதான் மரியாதை என்று கோர்ட் அவரை உள்ளே விட மறுத்தது. உள்ளூர் மக்களின் வழக்கங்களை மதிப்போம் என்று 1819லேயே பிரெஞ்ச் நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கே இங்கே விலங்காகத் திரும்பியது. பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கு பாரீஸில் உச்ச நீதிமன்றம் வரை போனது, ஜெயித்தார். ஒரு பிரெஞ்ச் வக்கீல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வருவது எப்படி அவமரியாதை ஆகும் என்பது பாரீஸின் கண்ணோட்டம்.

ஒரே மொழி, ஒரே சட்டம், ஆனால் மரியாதைக்கு இரண்டு இலக்கணம். புதுச்சேரி பிரெஞ்ச்காரன் வைத்திருந்தது ஒன்று, பாரீஸ் பிரெஞ்ச்காரன் வைத்திருந்தது ஒன்று. காலனியில் பிரெஞ்ச் கற்றவன் முதல் இலக்கணத்தில்தான் தேறியிருப்பான். 'ஊருக்குப் போய்ப் படிப்பது' என்பதன் முழு அர்த்தம் இங்கேதான் புரிகிறது. அங்கே போனால் புது வார்த்தைகள் கிடைக்கும் என்பதைவிட, தன்னை வேறு மாதிரி அழைக்கிறவர்கள் கிடைப்பார்கள்.

பொன்னுத்தம்பி அடுத்து இன்னும் பெரிய அடி எடுத்து வைத்தார். 1881 செப்டம்பர் 21ல் வந்த ஆணைப்படி, ஒரு இந்தியர் தன் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்ச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். 'ரெனோன்சான்', துறந்தவர்கள் என்று பெயர். பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனார். இப்படித் துறந்தவர்களில் பலர் குமாஸ்தாவாக, போலீஸ்காரராக, வரி வசூலிப்பவராக சைகோனுக்குப் போனார்கள். அங்கே போனதும் புதுச் சிக்கல். காகிதத்தில் பிரெஞ்ச் குடிமகன், நிறத்தில் இந்தியன். அவரை முசே என்பதா வேண்டாமா, சம்பளத்தில் ஐரோப்பியன் கணக்கா உள்ளூர்க்காரன் கணக்கா என்று அதிகாரிகளுக்கும் அவர்களுக்கும் ஓயாத இழுபறி.

இந்த வலியை நேரடியாக எழுதியவர் ஒரு தமிழர் இல்லை. மார்த்தினிக் தீவில் 1925ல் பிறந்து, லியோன் நகரத்தில் மருத்துவம் படித்த பிரான்ஸ் ஃபனோன். 1952ல் வந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' புத்தகத்தின் முதல் அத்தியாயமே மொழியைப் பற்றியது. படித்த கறுப்பரிடமும் வெள்ளை மருத்துவர்கள் குழந்தையிடம் பேசுவது போலக் கொச்சை பிரெஞ்சில், ஒருமையில் பேசுவதை அவர் பிட்டுப் பிட்டு வைக்கிறார். சுத்தமான பிரெஞ்ச் பேசினாலும் எதிரே இருப்பவன் அதற்குரிய பதிலைக் கொடுக்க மறுக்கிறான். வெளிநாட்டில் படித்தால் மொழி நடை வரும் என்று சொல்பவர்கள் ஃபனோனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொன்னுத்தம்பி வழக்கு நடந்த அதே காலத்தில் கல்கத்தாவில் ஒரு பெண், இதற்கு நேர் எதிரான அனுபவத்தோடு ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தாள். தோரு தத். 1856ல் பிறந்தவள். 1869ல் குடும்பத்தோடு ஐரோப்பா போய், தெற்குப் பிரான்சில் நீஸ் நகரத்தில் அக்கா அருவோடு சேர்ந்து ஒரு பெண்கள் பள்ளியில் சில மாதங்கள் படித்தாள். சில மாதங்கள்தான்! பிறகு இங்கிலாந்து, 1873ல் கல்கத்தா. 1876ல் பிரெஞ்ச் கவிதைகளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புத் தொகுப்பு வந்தது. 1877ல், 21 வயதில் காசநோயில் இறந்து போனாள். அதன் பிறகு வீட்டில் அவள் கையெழுத்தில் ஒரு முழு நாவல் கிடைத்தது, பிரெஞ்சில். 'மத்மோசல் தார்வேரின் நாட்குறிப்பு' என்ற அந்த நாவல் 1879ல் பாரீஸில் அச்சானது.

நாவல் முழுக்க பிரெஞ்ச் மனிதர்கள். அப்பா, மகள், கன்னியாஸ்திரி, காதலன், வேலைக்காரர்கள். பக்கத்துக்குப் பக்கம் யார் யாரை எப்படி அழைப்பது என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். இதை எந்த இலக்கணப் புத்தகமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தராது. நீஸில் கூடப் படித்த பெண்களோடு இருந்த மாதங்களும், வண்டி வண்டியாகப் படித்த நாவல்களும், பிறகு கல்கத்தாவிலிருந்து பாரீஸ் எழுத்தாளர் கிளாரிஸ் பாதேருக்கு எழுதிய கடிதங்களும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பாதேரும் அவளைச் சக எழுத்தாளராக மதித்து, பிரியமாகப் பதில் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

நிற்க. இதுவரை வந்தவர்கள் யாரும் 'ஸ்டடி அப்ராட்' போனவர்கள் இல்லை. அந்த ஏற்பாடு பிறந்தது 1923ல். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலில் ஏற்றி ஒரு வருஷம் பிரான்சுக்கு அனுப்பியது. கூட்டிப்போனவர் கிர்க்பிரைட் என்ற பேராசிரியர், முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்தவர். நான்சியில் கொஞ்ச நாள், பிறகு பாரீஸில் சோர்போன். அங்கே போய் வந்தால் மொழியும் வரும், உலகமும் புரியும் என்ற நம்பிக்கை. அது பலிக்கிறதா, எவ்வளவு பலிக்கிறது என்று உட்கார்ந்து அளக்கத் தொடங்கியதோ வெகு காலம் கழித்துத்தான்.

முதலில் வகுப்பறைக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கனடாவில் இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் பள்ளிகள் உண்டு. வருஷக்கணக்கில் படித்தும் மரியாதை 'வூ' அந்தப் பிள்ளைகளின் பேச்சில் வரவே மாட்டேன் என்றது. காரணம் எளிது. டீச்சர் பிள்ளைகளைத் த்யூ என்கிறார், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் த்யூ என்கிறார்கள். வூ காதில் விழுந்தால் அது "நீங்கள் எல்லாரும்" என்ற பன்மைக்குத்தான். ராய் லிஸ்டர் என்பவர் 1994ல் எட்டாம் வகுப்பில் இதைத் தனிப் பாடமாக எடுத்து, நடித்துக் காட்டிப் பழக்கியபோது முன்னேற்றம் தெரிந்தது. கடல் தாண்டாமலே.

தாண்டியவர்கள் கதை? அயர்லாந்தின் வேரா ரீகன் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதில் சுவாரஸ்யமானது. பிரெஞ்சில் 'எனக்குத் தெரியாது' என்பதற்கு எழுத்தில் "ஜெ ந ஸே பா". பேச்சில் அந்த 'ந' விழுந்துவிடும்: "ஜெ ஸே பா". நாம் 'போகவில்லை' என்று எழுதி 'போகல' என்று பேசுவது மாதிரி. வகுப்பில் கற்றவன் நண்பனிடமும் "நான் போகவில்லை" என்றே பேசிக்கொண்டிருப்பான், மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ரீகனின் ஐரிஷ் மாணவர்கள் ஒரு வருஷம் பிரான்சில் இருந்து திரும்பியபோது அந்த 'ந'வை தாராளமாக விட்டார்கள். பிரெஞ்ச்காரர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக. சந்தோஷம். ஆனால் எங்கே விடுவது, எங்கே வைத்துக்கொள்வது என்கிற பதம் முழுதாக வரவில்லை. பிரெஞ்ச்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற இடத்திலும் இவர்கள் விட்டார்கள். இன்டர்வியூவில் போய் "தெர்ல சார்" என்கிற மாதிரி.

அவர்கள் கற்றது பொய்யான பிரெஞ்ச் இல்லை. அவர்கள் யாரோடு இருந்தார்களோ அவர்களுடைய பிரெஞ்ச். மாணவர் விடுதியில் மாணவனாக இருந்தவனுக்கு மாணவன் பாஷை வரும். கவர்னர் மாளிகையில் இருந்த ஆனந்தரங்கருக்கு கவர்னர் மாளிகைப் பாஷை வந்தது. அவரவர் நின்ற இடத்திலிருந்து காதில் விழுந்தது அவரவர் நாக்கில் ஏறுகிறது.

அமெரிக்காவின் செலஸ்ட் கின்ஜிஞ்சர் 2008ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. ஒரே மாதிரி பிரான்சுக்குப் போன அமெரிக்க மாணவர்கள் ஒரே மாதிரி திரும்பவில்லை. ஒருவரைத் தங்கிய வீட்டுக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசினார்கள். இன்னொருவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் உள்ளவர்களோடு இன்டர்நெட்டில் பேசியே காலத்தை ஓட்டினார். பெண்களில் சிலருக்குத் தெருவில் நடந்த தொல்லையே வெளியே போகும் ஆசையைக் கெடுத்தது. த்யூவும் வூவும் எப்போது எது என்கிற தெளிவு, உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு வந்த மாதிரி மற்றவர்களுக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை எல்லாருக்கும் ஒன்றுதான்.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியும் மாறியது. பிரெஞ்ச் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல பிரான்சில் குடியேறின. 1980களிலிருந்து ஈழத்திலிருந்து அகதிகளாகப் போனவர்கள் பாரீஸின் லா ஷப்பேல் பகுதியைத் தமிழ்க் கடைத்தெருவாகவே ஆக்கினார்கள். அகதிக் குடும்பங்களில் பிள்ளைகள்தான் முதலில் பிரெஞ்ச் கற்று, அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆவார்கள். பள்ளி மைதானத்தில் த்யூவில் பிறந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு அரசாங்கக் கவுண்டரில் வூ பேச வேண்டும். பத்து வயதில் அது சாதாரணப் பரீட்சை இல்லை.

மரியாதைச் சண்டை பிரான்சுக்குள்ளேயும் முடிந்தபாடில்லை. 2012ல் அரசாங்க விண்ணப்பங்களிலிருந்து 'மத்மோசல்' என்ற சொல்லை எடுத்தார்கள். ஆணுக்கு ஒரே முசே இருக்கும்போது பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் ஆனதா என்று ஏன் கேட்க வேண்டும் என்பது காரணம். (பழைய புத்தகத்தில் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஜாக்கிரதை.) 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நடத்தை விதிகள், போலீஸ்காரர் பொதுமக்களை வூ என்றுதான் அழைக்க வேண்டும் என்று எழுதி வைத்தன. யாரை போலீஸ் த்யூ என்று அதட்டிக்கொண்டிருந்தது என்பது அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், இல்லாவிட்டால் விதியே தேவைப்பட்டிருக்காது. 2018 ஜூனில் ஒரு பள்ளிப் பையன் ஜனாதிபதி மக்ரோனைப் பார்த்து "என்ன மனு, சௌக்கியமா?" என்கிற தோரணையில் கேட்க, அவர் அங்கேயே நின்று "முசே என்று கூப்பிடு" என்று பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தை அவர் எடுத்தது த்யூவில்!

அதே மக்ரோன்தான் 2030க்குள் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்சில் படிக்க வேண்டும் என்று இலக்கு சொன்னவர். தமிழ்நாட்டில் பிரெஞ்சுக்குக் குறைச்சல் இல்லை. ப்ளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்று அதை எடுப்பவர்கள் ஏராளம். கடிதம் எழுதச் சொன்னால் முடிக்கும் வாசகம் வரை மனப்பாடம். அப்படிப் போய் இறங்குகிற பையனுக்கு முதல் அதிர்ச்சி, பேராசிரியர் தன்னை வூ என்பது. ஊரில் வாத்தியார் "ஏலே, எந்திரி" என்றுதான் சொல்லிப் பழக்கம். இரண்டாவது அதிர்ச்சி, பெயர்கூடத் தெரியாத சக மாணவர்கள் முதல் நிமிஷமே த்யூ என்பது. மூன்றாவதுதான் பெரியது. ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், ஐம்பது வயது கைடே "நாம் த்யூ என்றே பேசிக்கொள்ளலாமே" என்பார். அதைச் சொல்லும் உரிமை பெரியவருக்குத்தான், அவர் சொன்ன பிறகும் வூவில் நின்றால் தள்ளி வைப்பது போல ஆகும். காது கேட்டுவிட்டது, தலையும் ஆட்டியாயிற்று, நாக்கு எழாது. அந்த நேரத்தில் 'ஆன்' என்ற பொதுப் பிரதிப்பெயர் கைகொடுக்கும். போவோமா, ஆரம்பிக்கலாமா என்று ஆளைச் சுட்டாமலே ஓட்டிவிடலாம். புது மாப்பிள்ளையிடம் நீயும் சொல்ல முடியாமல் நீங்களும் சொல்லத் தோன்றாமல், வயதில் மூத்த மச்சான் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாரே, அதே வழிதான்.